குருத்தெலும்பின் எல்லை: ஏழு பாலங்களிலிருந்து முழங்கால் வரை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் அன்னையாரை முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிய மருத்துவர், மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் நடுவிலிருந்த கரிய இடைவெளியைப் பேனா முனையால் சுட்டி, "இங்கதாம்மா தேய்மானம். இந்த இடம் குறைஞ்சுபோச்சு பாருங்க" என்றார். அன்னையார் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லையே, எது தேய்ஞ்சுது?" என்று கேட்டார். மருத்துவர் சிரித்தார், நாமும் உடன் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னர் அக்கேள்வி நம்மை விடவில்லை.

உண்மையில் அன்னையார் கேட்டது சரியான கேள்வி. தேய்ந்ததாகச் சொல்லப்படும் குருத்தெலும்பு அப்படத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தேய்ந்துள்ளது என எப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு தேய்ந்தது என எப்படி அளக்கிறார்கள்? அளப்பதற்கு முதலில் அதன் எல்லையைக் காண வேண்டுமே, அந்த எல்லையை வரைபவர் யார்? இவற்றைத் தேடிப் புறப்பட்ட நாம் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் சென்று வந்தோம்: பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரஷ்ய நகரம் ஒன்று, பனிப்போர்க்காலத்து இருப்புப்பாதை வரைபடம் ஒன்று, கனடாவின் சுரங்கவியல் இதழ் ஒன்று.

இலக்கியம் பேசும் இடத்தில் கணிதமும் மருத்துவமும் எதற்கு என அன்பர்கள் வினவலாம். சேர்ந்திருப்பவற்றைப் பிழையறப் பிரித்தல் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் கற்றோருக்கு அது அயலான பொருளன்று என்பது போகப்போக விளங்கும்.

துளிர்க்காத குருத்து

குருத்தெலும்பு என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். குருத்து என்பது இளந்தளிர். வாழைக்குருத்து, தென்னங்குருத்து என நாள்தோறும் வழங்குகிறோம். எலும்போடு சேர்ந்திருந்தும் எலும்பினும் மென்மையாய், வளைந்து கொடுப்பதாய் இருத்தலின் இப்பெயர் அமைந்தது போலும். காது மடலில் இருப்பது அதன் ஒரு வகை. மூட்டுகளில் எலும்பு முனையைப் போர்த்தியிருப்பது மற்றொரு வகை; பளிங்கு போல் வழுவழுப்பானது. முழங்காலில் அப்போர்வையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் மட்டுமே. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நீர். எஞ்சியது கொலாஜன் இழைகளும், நீரைப் பற்றி வைத்துக்கொள்ளும் புரதச் சர்க்கரைப் பொருள்களும். காலை ஊன்றும்போது நீர் சிறிது பிதுங்கி வெளியேறும்; ஓய்வில் மீண்டும் உள்ளே ஊறும்.

இதனுள் குருதிக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இவ்விரண்டு இன்மைகளிலும் பெருந்துன்பம் அடங்கியிருக்கிறது. குருதி செல்லாத இடத்தில் புண் ஆறுவது அரிது. நரம்பு இல்லாத இடம் தன் அழிவைத் தானே அறிவிக்காது. 1743-இல் வில்லியம் ஹண்டர் என்னும் உடற்கூற்றியலாளர் லண்டன் ராயல் சொசைட்டியில் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றிய கட்டுரையொன்றை அளித்தார். ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பது அதில் அவர் பதிந்துவைத்த கருத்து. 280 ஆண்டுகள் கடந்துவிட்டன. சிறு பள்ளங்களை நிரப்பும் அறுவை முறைகள் வந்துள்ளன. தேய்ந்த மூட்டை முழுவதுமாக மாற்றும் செயற்கை மூட்டுகள் வந்துள்ளன. ஆயினும் தேய்மானத்தைத் தடுத்து நிறுத்துவதாக ஏற்பளிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. துளிர்ப்பதன் பெயரைத் தாங்கிய இவ்வுறுப்பு துளிர்ப்பதில்லை.

நிழலும் நீரும்

1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பிலுள்ள சுண்ணாம்பு அக்கதிரைத் தடுப்பதால் எலும்பின் நிழல் படத்தில் விழுகிறது. குருத்தெலும்பு பெரும்பாலும் நீராகவே இருப்பதால் கதிர் தடையின்றி ஊடுருவிச் செல்கிறது. எனவே நம் அன்னையார் கண்ட அந்த 'ஒன்றுமில்லாத' இடமே குருத்தெலும்பு இருக்கும் இடம். இரண்டு எலும்புகளுக்கும் இடையிலான தூரம் குறைந்தால் நடுவிலுள்ளது தேய்ந்திருக்க வேண்டும் என மருத்துவர்கள் உய்த்துணர்ந்தனர். 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் என்னும் இரு பிரிட்டானிய மருத்துவர்கள் இவ்விடைவெளியையும் எலும்பு ஓரத்து முளைகளையும் கொண்டு 0 முதல் 4 வரை தரம் பிரித்தனர். அத்தர வரிசை இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும் அது மறைமுகச் சான்றே. அவ்விடைவெளியில் மெனிஸ்கஸ் என்னும் பிறைவடிவத் தட்டுகளும் உள்ளன. அவை நகர்ந்தாலும் இடைவெளி குறையும்.

நேரே காணும் வழி 1973-இல் திறந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பால் லாட்டர்பர், காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் குறிப்பொலிகளைக் கொண்டு இரண்டு நுண்ணிய நீர்க்குழாய்களின் படத்தை உருவாக்கி வெளியிட்டார். எம்.ஆர்.ஐ. என நாம் இன்று வழங்குவதன் தொடக்கம் அது. அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிட்டியது. முதற்படமே நீரின் படம் என்பது நம் பொருளுக்குப் பொருத்தமானது. எலும்பைக் காட்டிய கதிருக்குப் புலப்படாத நீருறை, நீரைக் காட்டும் காந்தத்துக்குப் புலப்பட்டது.

புலப்பட்ட பின்னர் வேறொரு தொல்லை பிறந்தது. எம்.ஆர்.ஐ. முழங்காலைத் துண்டு துண்டாகக் காட்டும். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய மூட்டுத் தேய்மான ஆய்வுத் திட்டம் ஒன்றில் 45 முதல் 79 வயது வரையுள்ள 4,796 பேர் சேர்ந்தனர். அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்தனர். அத்திட்டத்தில் குருத்தெலும்புக்கென எடுத்த முதன்மைப் படம் ஒவ்வொன்றிலும் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் 160 துண்டுகள். முதல் ஆண்டுக்கு மட்டும் இரு கால்களையும் கணக்கிட்டால் 15 லட்சம் துண்டுகளாகிறது. குருத்தெலும்பின் தடிமனை அளக்க ஒவ்வொரு துண்டிலும் அதன் உள்ளெல்லையையும் வெளியெல்லையையும் வரைய வேண்டும். பயிற்சி பெற்றவர் ஒருவர் கணினித் திரையில் கையால் வரைந்தால் ஒரு முழங்காலுக்கே பல மணி நேரம் செல்லும்.

நேரம் மட்டுமன்று தொல்லை. ஒருவர் திங்களன்று வரைந்த கோடும் வெள்ளியன்று வரைந்த கோடும் ஒன்றாயிரா. இருவர் வரைந்தால் வேறுபாடு இன்னும் மிகும். ஓராண்டில் குருத்தெலும்பு தேய்வது மில்லிமீட்டரின் மிகச் சிறு பகுதியே. வரைபவர் கையின் நடுக்கம் நோயின் நடையைவிடப் பெரிதானால், மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதை எவரால் சொல்ல இயலும்? தேய்மானத்துக்கு மருந்து காணும் முயற்சி முழுவதும் இவ்வெல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது.

பதம் பிரித்தல்

இந்த இடத்தில் நமக்கு நம் தொழில் நினைவுக்கு வந்தது. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. பதிப்பாசிரியர் எழுத்துகளின் நீண்ட வரிசையை நோக்கி, இன்ன இடத்தில் ஒரு சொல் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது எனத் துணிய வேண்டும். 'பலகை' என்னும் மூன்றெழுத்தை எடுத்துக்கொள்வோம். மரப்பலகையா, பல கைகளா? அம்மூன்றெழுத்தை எவ்வளவு உற்று நோக்கினும் விடை கிடைக்காது. முன்னும் பின்னும் உள்ள சொற்கள், யாப்பு, பொருள் ஆகிய அனைத்தும் ஒத்து வரும்படி பிரித்தால்தான் விடை கிடைக்கும். ஓரிடத்துப் பிரிப்பு பாட்டு முழுமைக்கும் கட்டுப்பட்டது.

முழங்காலிலும் நிலை இதுவே. தொடையெலும்பின் குருத்துறையும் கீழ்க்கால் எலும்பின் குருத்துறையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தொடும் இடத்தில் கோடு எதுவும் தெரியாது. இன்ன வெளிச்சத்துக்கு மேற்பட்டவை எல்லாம் குருத்தெலும்பு எனக் கணினிக்குச் சொன்னால், அது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அருகிலுள்ள தசையையும் நீரையும் சேர்த்துக்கொள்ளும். முழுமையை நோக்கிப் பகுதியைத் துணியும் அறிவு பதிப்பாசிரியருக்குப் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. அதனைக் கணக்காக எழுத முடியுமா?

ஏழு பாலங்கள்

பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரை பிரெகெல் ஆறு பிரித்தது. ஆற்றின் இரு கரைகளையும் நடுவிலிருந்த இரண்டு தீவு நிலங்களையும் ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்பது நகரத்தாரிடையே உலவிய புதிர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த லெயோனார்டு ஆய்லரிடம் அது சென்றது. இக்கேள்விக்கும் கணிதத்துக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லையே என்று 1736-இல் எழுதிய கடிதமொன்றில் அவரே வியந்திருக்கிறார். எனினும் விடை கண்டார்.

நிலத்தின் பரப்பையும் பாலத்தின் நீளத்தையும் அவர் ஒதுக்கிவிட்டார். எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால் மற்றொன்றால் வெளியேற வேண்டும். ஆகவே தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர மற்ற நிலங்களில் பாலங்கள் இரட்டைப்படையில் இருத்தல் வேண்டும். கோனிக்ஸ்பர்க்கிலோ ஒரு நிலத்தில் ஐந்து, மற்ற மூன்றிலும் மும்மூன்று, நான்கும் ஒற்றைப்படை. எனவே அவ்வாறு சுற்றிவர இயலாது.

பொருளை முனையாகவும் உறவைக் கோடாகவும் கொள்ளும் இவ்வமைப்பைத் தமிழில் கோட்டுரு என்கிறார்கள். கிராஃப் என்ற பெயரை 1878-இல் இட்டவர் சில்வெஸ்டர் என்னும் ஆங்கிலக் கணிதர். இத்துறையின் முதற் பாடநூலை அங்கேரியரான டேனஷ் கோனிக் 1936-இல் வெளியிட்டார். ஆய்லரின் கணக்குக்கு அப்போது வயது இருநூறு.

இருப்புப்பாதையை அறுத்தல்

1930-இல் சோவியத் நாட்டின் ஏ. என். டால்ஸ்டாய் என்பவர் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 'போரும் அமைதியும்' எழுதியவரோடும், அதே முதலெழுத்துகளையுடைய மற்றொரு நாவலாசிரியரோடும் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா. தன் நாட்டின் இருப்புப்பாதைகளில் சரக்கை மிகக் குறைந்த தூரத்தில் கொண்டு சேர்ப்பது எப்படி என்பது இவர் கேள்வி.

கால் நூற்றாண்டுக்குப் பின் அதே நாட்டின் இருப்புப்பாதைகளை அமெரிக்கர் இருவர் வேறொரு நோக்கோடு நோக்கினர். ராண்ட் நிறுவனத்துக்காக டி. இ. ஹாரிஸ் என்னும் கணிதரும், ஓய்வுபெற்ற தளபதி எஃப். எஸ். ராஸும் 1955-இல் மறையறிக்கை ஒன்றை எழுதினர். மேற்குச் சோவியத்திலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் பாதைகளை 44 முனைகளும் 105 கோடுகளும் கொண்ட கோட்டுருவாக வரைந்தனர். மிகுதியாக எவ்வளவு சரக்கு செல்ல முடியும்? எந்தப் பாதைகளை அறுத்தால், மிகக் குறைந்த முயற்சியில் போக்குவரத்து முழுதும் நிற்கும்? அவ்வறிக்கை 1999 வரை வெளியுலகுக்குத் தெரியாமலிருந்தது.

இவ்வினாவிலிருந்து பிறந்த தேற்றத்தை லெஸ்டர் ஃபோர்டும் டெல்பர்ட் ஃபுல்கர்சனும் 1956-இல் வெளியிட்டனர். அதனை நம் வயல்வெளிக் கணக்காகச் சொல்லிப் பார்ப்போம். ஏரியொன்றிலிருந்து பல கிளைக் கால்வாய்கள் பிரிந்தும் கூடியும் சென்று ஒரு வயலில் சேர்கின்றன. ஒவ்வொரு கால்வாய்க்கும் இவ்வளவு நீர்தான் கொள்ளும் என அளவு உண்டு. வயலுக்கு மிகுதியாக எவ்வளவு நீர் வரும்? ஏரியையும் வயலையும் முற்றிலும் பிரிக்க எந்தக் கால்வாய்களை அடைக்கலாம் எனப் பல வழிகளில் எண்ணலாம். ஒவ்வொரு வழியிலும் அடைபடும் கால்வாய்களின் கொள்ளளவைக் கூட்டுவோம். அவற்றுள் மிகச் சிறிய கூட்டுத்தொகை எதுவோ, வரக்கூடிய மிகப் பெரிய நீரோட்டமும் அதுவே. பெருமப் பாய்வு சிறும வெட்டுக்குச் சமம் எனச் சுருக்கிச் சொல்வர்.

இதன் பயன் யாதெனில், வெட்டும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. நீரைப் பாயவிட்டு, இனிப் பாயாது என்னும் நிலை வந்ததும் நிரம்பி நிற்கும் கால்வாய்களை நோக்கினால் வெட்டு தானே தெரியும். இதனைவிடச் சிறந்த வெட்டு இல்லை என்பதற்கும் அப்பாய்வே சான்றாகிவிடும்.

படத்தை வெட்டுதல்

குண்டு வீசும் இடத்தைத் தேர்ந்த கணக்கு படங்களுக்குள் நுழைய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1989-இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க், போர்ட்டியஸ், செஹுல்ட் ஆகியோர், கறை படிந்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சீராக்கும் சிக்கலைச் சிறும வெட்டாக மாற்றி முழுத் தீர்வு கண்டனர். 2001-இல் யூரி போய்கோவ், மரீ-பியர் ஜோலி ஆகிய இருவரும் இவ்வழியை மருத்துவப் படங்களுக்கு விரித்தனர்.

அவர்கள் முறை இது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முனை. அடுத்தடுத்த புள்ளிகளைக் கோடுகள் பிணைக்கின்றன. இரு புள்ளிகளின் வெளிச்சம் ஒத்திருந்தால் பிணைப்புக்கு விலை அதிகம். மாறுபட்டிருந்தால் விலை குறைவு. மருத்துவர் உறுப்பின் உள்ளே ஒரு கீற்றும் வெளியே ஒரு கீற்றும் இழுத்துக் காட்டுவார். உட்கீற்று ஏரியாகிறது, வெளிக்கீற்று வயலாகிறது. இரண்டையும் பிரிக்கும் மிக மலிவான வெட்டே உறுப்பின் எல்லை. வெளிச்சம் மாறும் இடங்களில் வெட்டு மலிவாதலின் அது தானே விளிம்பைத் தேடிச் செல்லும். விளிம்பு மங்கிய இடத்தில், இருபுறமும் தெளிந்த விளிம்புகளை இணைக்கும் குறுகிய வழியே செல்லும். பாட்டின் முன்னும் பின்னும் நோக்கி நடுச்சொல்லைப் பிரிப்பதற்கு இது நெருங்கி வருகிறதல்லவா?

ஆனால் குருத்தெலும்புக்கு இது போதவில்லை. மலிவான வெட்டு குறுகிய வெட்டையே விரும்பும். பெரிய எலும்பின் மேல் அகன்று மெலிந்து கிடக்கும் உறையை அது ஓரங்களில் நறுக்கிவிடக்கூடும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உறைகளைப் பற்றி அதற்கு ஏதும் தெரியாது.

சுரங்கத்தின் தரை

உதவி சுரங்கத்திலிருந்து வந்தது. 1965-இல் லெர்ச்ஸ், கிராஸ்மன் என்னும் இருவர் கனடாவின் சுரங்கவியல் இதழில், திறந்தவெளிச் சுரங்கத்தை எந்த வடிவில் தோண்டினால் ஆதாயம் மிகும் என்பதைக் கணக்கிட்டனர். நிலத்தைக் கட்டிகளாகப் பிரித்துக்கொள்வோம். சில கட்டிகளில் தாது உண்டு, ஆதாயம். பலவற்றில் வெறும் மண், செலவு. ஒரு கட்டியை எடுக்க அதன் மேலுள்ள கட்டிகளை முதலில் எடுத்தாக வேண்டும். பக்கச்சுவர் சரியாதிருக்க அருகிலுள்ளவற்றையும் ஓரளவு எடுத்தாக வேண்டும். கிணறு தோண்டியவர்கள் இதனை அறிவர். இக்கட்டுப்பாடுகளுக்குள் மிகுந்த ஆதாயம் தரும் குழி எது? 1976-இல் ழான்-குளோத் பிக்கார் இச்சிக்கலும் சிறும வெட்டே என நிறுவினார்.

குழியின் தரை ஒரு பரப்பு. ஒவ்வொரு நிலைக்குத்து வரிசையிலும் அது ஓரிடத்தைத் தொடும். அடுத்த வரிசையில் வரம்புக்கு மேல் ஏறாது, இறங்காது. உடலுறுப்பின் மேற்பரப்பும் அத்தகையதன்றோ? ஷியாவ்டாங் வூ, டேனி சென் ஆகியோர் 2002-இல் இவ்வொப்புமையைக் கணக்காக்கினர். 2006-இல் காங் லீ, அயோவா பல்கலைக்கழகத்தின் மிலான் சோங்கா ஆகியோரோடு சேர்ந்து, பல பரப்புகளை ஒரே கணக்கில் காணும் முறையை வெளியிட்டனர். 2010-இல் யின் முதலான அயோவா குழுவினர் அதனை முழங்காலுக்குக் கொண்டுவந்து லோகிஸ்மோஸ் எனப் பெயரிட்டனர். நீண்ட ஆங்கிலப் பெயரொன்றன் முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது; கிரேக்கத்தில் அச்சொல்லுக்குக் கணிப்பு என்று பொருள்.

முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலில் எலும்பின் வடிவைத் தோராயமாகக் கண்டுகொள்வர். அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும், பலாப்பழத்து முட்கள் போல, வெளிநோக்கி ஒரு வரிசை எழும். ஒவ்வொரு வரிசையிலும் எலும்பு முடியும் இடம் ஒன்று, குருத்தெலும்பு முடியும் இடம் ஒன்று என இரண்டைத் தேர வேண்டும். தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு, முழங்கால் சில்லு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஆறு பரப்புகள். கட்டுப்பாடுகள் மூன்று. அடுத்தடுத்த வரிசைகளில் பரப்பு திடீரெனத் தாவக் கூடாது. குருத்தெலும்பின் வெளியெல்லை எலும்பெல்லைக்கு உள்ளே போகக் கூடாது. எதிரெதிர் எலும்புகளின் உறைகள் ஒன்றையொன்று ஊடுருவக் கூடாது. வளைந்த எலும்பில் வரிசைகளே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடர் உண்டு. மின்விசைக் கோடுகள் ஒருபோதும் குறுக்கிடுவதில்லை என்னும் இயற்பியல் உண்மையைத் துணைக்கொண்டு, அக்கோடுகளின் வழியே வரிசைகளை வளைத்து அவ்விடரையும் தீர்த்தனர்.

வரிசைகள் பத்தே பத்து, ஒவ்வொன்றிலும் இடங்கள் பத்து எனக் கொண்டாலும் தேரும் வழிகள் 1,000 கோடி. உண்மையான முழங்காலில் வரிசைகள் ஆயிரக்கணக்கில். எண்ணித் தீராத அவ்வழிகளுள், எழுதிய விலைக்கு மிகச் சிறந்தது எதுவோ அதனைச் சிறும வெட்டு ஐயமின்றித் தருகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் இரு உறைகளுக்கிடையே படத்தில் கோடு இல்லாவிடினும், ஆறு பரப்புகளையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கும்போது அங்கே ஒரு கோடு விழுகிறது. இதே முறை விழித்திரையின் மெல்லிய அடுக்குகளைப் பிரிக்கவும் பயன்பட்டது.

விலையை எழுதுபவர்

'எழுதிய விலைக்கு' என்று மேலே சொன்னோம். அதனை மறக்கலாகாது. வெட்டு பிழையற்றது; விலை பிழையுடையதாய் இருக்கலாம். எந்த வெளிச்ச மாற்றம் எல்லை, எந்த மாற்றம் வெறும் இரைச்சல் என்பதை மனிதரே முடிவு செய்து விலையாக எழுதினர். நோய் முற்றிய மூட்டில் எலும்பு முளைத்திருக்கும், உறை கிழிந்திருக்கும். நலமான மூட்டுக்கு எழுதிய விலை அங்கே வழிதவறும்.

எனவே விலையையும் கற்கச் செய்தனர். 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்திலிருந்து யூ-நெட் என்னும் நரம்பு வலையமைப்பு வெளியாயிற்று. மனிதர் கையால் வரைந்த எல்லைகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்வது அது. முழங்கால் படங்களைப் பகுப்பதில் இன்று இவ்வகை வலையமைப்புகளே முன்னிற்கின்றன. கோட்டுரு முறை அதனால் மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே முடிவு செய்யும் வலையமைப்பு சில வேளை குருத்தெலும்பில் ஓட்டை விடும்; தசைக்கு நடுவே குருத்தெலும்புத் தீவு ஒன்றைப் படைக்கும். ஆகவே விலையைக் கற்றறிந்து எழுதிவிட்டு வெட்டைக் கோட்டுருவிடம் விடும் கலப்பு முறைகள் எழுந்தன. அயோவா குழுவினர் 2018-இல், கற்றுக்கொண்ட விலைகளோடு, ஒருவரின் வெவ்வேறு ஆண்டுப் படங்களை ஒரே கோட்டுருவாகப் பிணைத்துப் பகுக்கும் முறையை வெளியிட்டனர். சென்ற ஆண்டின் எல்லையும் இவ்வாண்டின் எல்லையும் ஒன்றையொன்று நோக்கித் துணியப்படுகின்றன. எனினும் இவை யாவும் யாரோ ஒருவர் பொறுமையாய் அமர்ந்து கையால் வரைந்த கோடுகளிலிருந்தே பாடம் கற்றன என்பது நினைவில் நிற்கத்தக்கது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்னும் கேள்விக்கு 2019-இல் வெளியான ஆய்வொன்று விடையும் தந்தது, புதிய வினாவும் தந்தது. ஸ்பிரிஃபெர்மின் என்னும் மருந்தை மூட்டுக்குள் ஊசி வழியே செலுத்தி 549 பேரிடம் ஆய்ந்தனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்ந்த அளவு பெற்றோரின் குருத்தெலும்பு, வெற்றூசி பெற்றோரினும் 0.05 மில்லிமீட்டர் தடித்திருந்தது. எழுதும் தாளின் தடிமனில் பாதி. எல்லையை நுணுக்கமாக வரையத் தெரியாதிருந்தால் அவ்வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது. ஹண்டரின் கூற்றுக்கு எதிராகக் குருத்து சிறிதே தளிர்த்தது என்றுகூடச் சொல்லத் தோன்றும். ஆனால் வலி? இரு சாராரிடையேயும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இந்த இடத்தில் நாம் நெடுநேரம் நின்றோம். மூன்று நூற்றாண்டுக் கணிதத்தால் எல்லையைக் கண்டோம். அவ்வெல்லை நோயாளியின் துன்பத்துக்கு எல்லையாக அமையவில்லை. குருத்தெலும்பில் நரம்பில்லை என்று முன்னரே சொன்னோம். வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டின் உட்சவ்விலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் எழுகிறது. தடிமனை அளப்பது வலியை அளப்பதாகாது. அதனால் அளவை வீண் என்று கொள்ளலும் தவறு. தடிமன் கூடியும் வலி குறையவில்லை என்பதை ஐயமறச் சொல்வதற்கும் அந்த அளவையே வேண்டியிருந்தது. சரியாகப் பதம் பிரித்த பின்னரும் பாட்டின் பொருள் பிடிபடாத நாள்கள் நமக்கும் உண்டு. பிரிக்காமல் பொருளுக்குள் செல்லவே முடியாது என்பதும் உண்மை.

அண்மையில் ஒரு மாலை, அன்னையாரிடம் அவர் கேட்ட கேள்விக்கு விடை சொன்னோம். படத்தில் தெரியாத உறை ஒன்று அங்கே உண்டு, தேய்ந்தது அதுதான் என்றோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "அது தேயுறப்போ அதுக்கு வலிக்காதா?" என்றார். அதற்கு நரம்பே இல்லை என்றோம். "அப்ப வலிக்கிறது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, மருத்துவர் கற்றுக்கொடுத்த தொடைத்தசைப் பயிற்சியைச் செய்வதற்காக நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து காலை மெல்ல நீட்டினார். இம்முறை நாம் சிரிக்கவில்லை.